இரண்டு அடைப்புக்குறிகளுக்கு நடுவே

மார்ச் 4

நான் பராமரிக்கும் மருத்துவமனை இணையதளத்தில் இன்று வந்த நோயாளிக் கடிதம்: ஏழாம் வார்டில் சேர்த்தார்கள், பிறகு நேராகக் கடைசி “வணக்கம்”. நடுவே இருந்த குறை எங்கே? இப்படி வருவது இதோடு மூன்றாவது கடிதம். தளத்தில் ஏற்றுகிறவர் எங்கள் பிரிவில் தடித்த கண்ணாடி போட்டவர்; நான் வைத்த பெயர் கண்ணாடி. கண்ணாடியின் மனைவி ஏழாம் வார்டில் நர்ஸ். யாருக்குக் காது குத்துகிறார்?

மார்ச் 5

பாராட்டுக் கடிதங்கள் மட்டும் முழுசாக வருகின்றன! கண்ணாடியிடமே கேட்டேன். வந்ததை அப்படியே ஏற்றுவதாகச் சொன்னார். முகத்தில் ஒரு சலனமும் இல்லை. கைதேர்ந்த ஆள்.

மார்ச் 6

நாள் முழுக்க அவர் திரையை நோட்டம் விட்டேன். சிக்கவில்லை.

மார்ச் 9

மேலாளரிடம் போட்டு உடைத்துவிட்டேன். கண்ணாடியின் கடவுச்சொல்லை முடக்கி, அவரை ஆவண அறைக்கு அனுப்பிவிட்டார். விசாரணையாம். வேலையே போகலாம். நல்லா வேணும்.

ஆதாரம் இருக்கிறதா என்று என் வீட்டுக்காரர் கேட்டார். எரிந்து விழுந்தேன்.

மார்ச் 10

புதுக் கடிதத்தை நானே ஏற்றினேன். நடுப்பகுதி காணோம்.

அதே நாள், மாலை

நான்தான். ஐயோ, நானேதான்.

கடிதத்தில் வரும் பெயர்களை வரவேற்பில் சதுர அடைப்புக்குள் தட்டச்சு செய்வார்கள். அவற்றை நீக்க, போன மாதம் தளத்தின் பி.எச்.பி. நிரலில் நான் எழுதிய தேடல் வடிவம் இது:

/\[.*\]/s

அந்த நட்சத்திரத்துக்குப் பேராசை. முதல் அடைப்பில் தொடங்கினால் கடைசி அடைப்பு வரை எல்லாவற்றையும் வாரிச் சுருட்டிவிடும். பாராட்டில் நோயாளி பெயர் ஒன்றுதான், தப்பிக்கும். குறை சொல்பவர்கள் நர்ஸ் பெயரையும் எழுதுவார்கள். இரண்டு பெயர் வந்தால் நடுவில் இருப்பது போச்சு. நட்சத்திரத்துக்குப் பின்னால் ஒரு கேள்விக்குறி போட்டிருந்தால் ஒவ்வொரு பெயரோடும் நின்றிருக்கும். ஒற்றைப் பெயர்க் கடிதத்தை வைத்துச் சோதித்துவிட்டு சரி என்றவள் நான்.

மற்ற வார்டுக் கடிதங்களைத் திறந்தேன். அங்கேயும் இதே கதை. இத்தனை நாள் ஏன் பார்க்கவில்லை? பார்க்க எனக்கு மனசில்லை. ஆள் கிடைத்துவிட்டாரே!

மார்ச் 11

மேலாளரிடம் ஒப்புக்கொண்டேன். விசாரணை ரத்து. ஆவண அறைக்குப் போய்க் கண்ணாடியிடம் எல்லாவற்றையும் சொல்லி மன்னிப்புக் கேட்டேன்.

“நடுவுல விட்டுப்போறத நானும் பார்த்தேன் மேடம். நீங்க எழுதினதுல தப்பு இருக்காதுன்னு நெனச்சுட்டேன்.”

கழிப்பறையில் போய் அழுதேன்.

மார்ச் 18

பழைய இடத்துக்கு வர மாட்டேன் என்று கண்ணாடி எழுதிக் கொடுத்துவிட்டாராம். இன்று படியில் எதிரே வந்தார். வணக்கம் சொன்னேன். அவரும் சொன்னார், கையில் திறந்திருந்த ஆவணக் கோப்பை மூடி மார்போடு பிடித்துக்கொண்டு.