டிரையர் மேல் வைத்த கேசட்

ரிங்லெட்
டிசம்பர் 1983

மகன் குணாளனுக்கு அப்பா எழுதுவது. நாங்கள் இங்கே நலம், நீ அங்கே நலமா என்று எழுதியே பழகிய கை இது. ‘நாங்கள்’ என்று எழுத இப்போது வீட்டில் ஆள் குறைந்துவிட்டதால் நான் நலம் என்று மட்டும் எழுதுகிறேன். சாப்பாடு இறங்குகிறது, தூக்கம் வருகிறது, ஃபேக்டரிக்கும் போய் வருகிறேன். நீ நலமாகத்தான் இருப்பாய், அந்தக் கவலை எனக்கு என்றைக்கும் இருந்ததில்லை. அம்மாவின் கருமாதி குறையில்லாமல் முடிந்தது. கொள்ளி வைத்தது உன் சித்தப்பா சின்னையா. மகன் இருக்கையில் நான் எப்படி வைப்பது என்று கையைப் பிசைந்தான், மகன் இல்லை என்று நினைத்து வை என்றேன், வைத்தான். லீவு கிடைக்கவில்லை என்ற உன் தந்தி மறுநாள் வந்தது. உன் தங்கை நளினி அதைப் படித்து அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை, நாலே வார்த்தையில் பொய் சொல்ல இவனுக்கு எங்கே படித்துக்கொடுத்தார்கள் என்றுதான் தோன்றியது.

உனக்குத் தெரியாத சங்கதி ஒன்றை எழுத வேண்டும், பொறுமையாகப் படி. கடுதாசி எழுத நேரமில்லை, பேசிப் பதிவுசெய்து அனுப்புகிறேன் என்று லண்டனிலிருந்து ஒரு டேப் ரிக்கார்டர் அனுப்பினாயே, அது வந்ததிலிருந்து உன் அம்மாவுக்கு அதுதான் பிள்ளை. நீ முதலில் அனுப்பிய கேசட்டைக் கெடுத்தவன் நான்தான். இந்த மலைக் குளிரில் எதை வைத்தாலும் பூசணம் பிடிக்கும் என்று உனக்குத் தெரியும், உன் பள்ளிக்கூட சர்ட்டிபிகேட்டையே ஃபேக்டரியில் தேயிலைத்தூள் காய்கிற டிரையர் மேலே பிஸ்கட் டின்னில் போட்டுத்தானே காப்பாற்றினேன். எஸ்டேட் லைன் வீடுகளில் எல்லாரும் நல்ல செருப்பையும் கல்யாண போட்டோவையும் என்னிடம் கொடுத்து அங்கேதான் வைக்கச் சொல்வார்கள். கேசட்டையும் அப்படித்தான் வைத்தேன். சூட்டில் நெளிந்துபோய், உன் குரல் இழுத்து இழுத்துக் கிணற்றுக்குள்ளிருந்து கேட்டது. ஒரு வார்த்தையும் விளங்கவில்லை. சூடு பட்டதை யாராலும் நிமிர்த்த முடியாது என்று ரிங்லெட்டில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருக்கும் ஹாஜா மைதீன் கையை விரித்துவிட்டார். உன் அம்மா அதையும் தினம் போட்டுக் கேட்டாள். பேசுவது புரியாவிட்டால் என்ன, எம்புள்ள மூச்சு விடுறது கேக்குதில்ல என்பாள்.

அப்புறம் வயிற்றில் கட்டி என்று டாக்டர் சொன்னார். மலையிறங்கி ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் ஆபரேசன் செய்தால் பிழைத்துக்கொள்வாள், தள்ளிப்போடாதீர்கள் என்றார். இவள் ஒரே பிடியாக, பெரியவன் தீபாவளிக்கு வர்றேன்னு வாயால சொல்லட்டும், அப்பத்தான் கத்திக்குப் படுப்பேன் என்று உட்கார்ந்துவிட்டாள். நளினி உனக்கு எழுதினாள். பதிலுக்கு உன் இரண்டாவது கேசட் வந்தது. அதை நான் டிரையர் பக்கமே கொண்டுபோகவில்லை, ஆனாலும் அதே இழுவை. வருகிறாயா இல்லையா என்று எப்படிக் காதைக் கொடுத்தாலும் தெரியவில்லை. நீ முன்பு சொல்லிக்கொடுத்தபடி பேட்டரியை மாற்றினேன். கேசட் உரசுகிற இடத்தை ஸ்பிரிட் தொட்டுப் பஞ்சால் துடைத்தேன். மூடியைக் கழற்றி ஈரத்தை ஊதினேன். ஒன்றும் சரிவரவில்லை. கடைசியில் ஹாஜா மைதீனிடம் தூக்கிக்கொண்டு போனேன். உள்ளே ரப்பர் பெல்ட்டு தொஞ்சு போச்சுலா ராமையா, மெசின்தான் கெட்டது, கேசட்டுக்கு ஒண்ணுமில்ல என்று வேறு பெல்ட் மாட்டிக்கொடுத்தார்.

வீட்டில் போட்டதும் நீ எதிரே உட்கார்ந்து பேசுகிற மாதிரி கேட்டது. தீபாவளிக்கு வர்றேம்மா, நீ தைரியமா ஆபரேசனுக்குப் போ என்றாய். உன் அம்மா நளினி கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், நாளைக்கே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள் என்றாள். நான் மெசினை நிறுத்தவில்லை. நீயும் அங்கே நிறுத்தவில்லை. பேசி முடித்ததாக நினைத்து எழுந்துவிட்டாய் போலிருக்கிறது. உன்னோடு இருக்கிற யாரோ பையன், நெசமாவே ஊருக்குப் போறியாடா என்று கேட்டான். யாரு போறது, வர்றேன்னு சொன்னாத்தான் கெழவி ஆபரேசனுக்கு ஒத்துக்கும், இல்லாட்டி மாசாமாசம் இந்த ஒப்பாரியக் கேக்கணும் என்றாய். இரண்டு பேரும் சிரித்தீர்கள். சிரிப்பு நன்றாக, சுத்தமாகக் கேட்டது. உன் அம்மா எழுந்து அடுப்படிக்குப் போனாள். போகும்போது, முன்ன இருந்த சத்தமே நல்லாருந்துச்சு, ஏங்க சரி பண்ணுனீங்க என்றாள். டாக்டர் ஆள்விட்டுக் கூப்பிட்டார், வலி நின்னுபோச்சு என்று சொல்லி அனுப்பினாள். தீபாவளிக்கு முன்னாலேயே போய்விட்டாள்.

போவதற்குக் கொஞ்ச நாள் முன்பு, எங்களை வெளியே அனுப்பிவிட்டு மெசினில் உனக்குப் பேசி வைத்தாள். ஒரு பக்கம் முழுக்கப் பேசியிருக்கிறாள். பெரியவனுக்கு மட்டும் அனுப்புங்க என்றாள், சரி என்று வாக்குக் கொடுத்தேன், அதனால் இந்தக் கடுதாசியோடு அனுப்பிவைக்கிறேன். நான் ஒருமுறை போட்டுக் கேட்டேன். நளினிக்குக்கூடச் சொல்லவில்லை, யாருக்கும் சொல்லப்போவதில்லை. அவள் உன்னைத் திட்டவில்லை. உன்னிடம் ஒரே ஒரு காரியம் செய்யச் சொல்லிக் கேட்டிருக்கிறாள். பெற்ற பிள்ளையால் மட்டும் முடிகிற காரியம். சுலபமானதுதான். அவள் பேசி வைத்த அன்றைக்குக் கண்ணாடி மாதிரி தெளிவாக இருந்தது. கருமாதி முடிந்த கையோடு அதை எடுத்துப்போய், டிரையர் மேலே பிஸ்கட் டின்கூட இல்லாமல் வெறும் தகட்டில் வைத்தேன். இந்த வாரம்தான் எடுத்தேன். நீதான் சத்தத்தைச் சரிசெய்கிற படிப்பு படித்தவனாயிற்றே, சரிசெய்து கேட்டுக்கொள். வார்த்தை விளங்காவிட்டாலும் அவள் மூச்சு விடுவது கேட்கும்.

குளிர் காலம், காதை மூடிக்கொண்டு வெளியே போ. எண்ணெய் தேய்த்துக் குளி. நல்ல இடத்தில் பெண் பார்த்துக் கட்டிக்கொண்டு, பிள்ளை குட்டியோடு நூறு வயது இரு, இதெல்லாம் மறக்காத அளவுக்கு உனக்கு நல்ல ஞாபகசக்தியும் இருக்கட்டும் என்று முருகனை வேண்டிக்கொள்கிறேன். அவள் கேட்டதை எப்போது செய்யப்போகிறாய் என்று மட்டும் எழுது.

இப்படிக்கு,
உன் அப்பா
ராமையா