வெள்ளிக்கிழமை இருமிய எஞ்சின்

அன்பு மச்சான் செல்வத்துக்கு,

மேலே வசதியெல்லாம் எப்படி? இங்கே உன் அக்கா நலம், நானும் நலம். ஷெட்டில் உன் ஸ்டூலில் இன்னும் யாரையும் உட்கார விடவில்லை. அழுது எழுதினால் பாதியிலேயே தூக்கிப் போட்டுவிடுவாய். அதனால் நல்ல சேதியை முதலில் சொல்லிவிடுகிறேன்: நம் எஞ்சின் இருமுவதை நிறுத்திவிட்டது.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்காக ஒரு வார்த்தை. ஆம்பூரில் ஊரே ஷூ செய்துகொண்டிருக்க, நானும் என் மச்சானும் குட்டி விமான எஞ்சினோடு மல்லுக்கட்டினோம். பிஸ்டன் ஏறி இறங்காமல், முக்கோண ரோட்டர் ஒன்று சுற்றி ஓடுகிற எஞ்சின். அதற்குக் காற்றை அளந்து விடும் த்ராட்டிலும் பெட்ரோலைத் தூவும் இன்ஜெக்டரும் எங்கள் பொறுப்பு. த்ராட்டிலைச் சட்டென்று முழுசாகத் திறந்தால் காற்று முந்திக்கொண்டு பாயும். பெட்ரோலும் அதே நொடியில் கூடாவிட்டால் எஞ்சின் லொக்கென்று இருமும். தரையில் இருமினால் சிரித்துக்கொள்ளலாம், வானத்தில் முடியாது.

வாரம் முழுக்க நன்றாக ஓடும் எஞ்சின் வெள்ளிக்கிழமை மத்தியானம் மட்டும் இருமும். "அதுக்கும் ஜும்மா தொழுகைக்கு லீவு வேணும்போல மாமா" என்று சிரிப்பாய். பெட்ரோல் கம்மி என்பது உன் கட்சி. உன் த்ராட்டில் தட்டு அகலம் ஜாஸ்தி, சின்னதாக்கு என்பது என் கட்சி. சண்டை முடிவதற்குள் மாரடைப்பு வந்து உன்னைக் கூட்டிப்போய்விட்டது. வாதத்தைப் பாதியில் விட்டுப் போவது என்ன நியாயம் மச்சான்?

நீ போனபிறகு விமானக் கம்பெனியிலிருந்து ஒரு பெண் இன்ஜினியர் வந்தார். திங்கட்கிழமை என்பதால் எஞ்சின் சமர்த்தாக ஓடியது. அவர்தான் மூக்கிலிருந்து கைக்குட்டையை எடுக்கவே இல்லை.

"இந்த வாடையில எப்படி சார் வேலை பாக்குறீங்க?"

"எந்த வாடைங்க?" என்றேன். நிஜமாகவே எனக்கு எதுவும் தெரியவில்லை.

கிளம்பும்போது, அடுத்தமுறை த்ராட்டிலைத் தானே திறந்து பார்ப்பதாகச் சொன்னார். இருமாவிட்டால் உன் த்ராட்டில் அவர்கள் விமானத்தில் ஏறும். ஒருமுறை இருமினாலும் வேறு ஆளைப் பார்ப்பார்கள். அப்படி ஆனால் உன் த்ராட்டில் பழைய இரும்புக் கடைக்குத்தான் போகும். அதை நினைத்தாலே எனக்குச் சோறு இறங்கவில்லை.

அப்புறம் ரம்ஜான் வந்தது. பக்கத்துத் தோல் பட்டறை பாய் கதவைப் பூட்டிவிட்டு, பிரியாணி கொடுத்தனுப்பினார். அந்த லீவு நாட்கள் முழுக்க எஞ்சின் விடாமல் இருமியது. நொந்துபோய்ப் பிரியாணியைத் திறந்தேன். வாசனை தூக்கியடித்தது. வேலை நாட்களில் எத்தனையோ முறை பாய் பிரியாணியை இதே ஷெட்டில் தின்றிருக்கிறோம், என்றைக்காவது இப்படி மணந்திருக்கிறதா? அப்போதுதான் அந்தக் கைக்குட்டை ஞாபகம் வந்தது.

பாய் பட்டறையில் தோலுக்குப் பளபளப்பு ஏற்ற தின்னர் கலந்து ஸ்ப்ரே அடிக்கிறார்கள் அல்லவா? அந்த ஆவியை வெளியே தள்ளும் ஃபேன் நம் ஜன்னலைப் பார்த்தே சுற்றுகிறது. ஜன்னலுக்குக் கீழேதான் நம் எஞ்சின் காற்றை இழுக்கிறது. பெட்ரோல் குறைந்த இடத்தையெல்லாம், பெட்ரோல் மாதிரியே எரியும் பாயின் ஓசித் தின்னர் நிரப்பியிருக்கிறது. தொழுகைக்குப் பட்டறை நின்றால் ஓசியும் நின்றது, இருமல் வந்தது. ஆம்பூரில் பிறந்த நம் இரண்டு மூக்குக்கும் இது எட்டவே இல்லை, பார்த்தாயா?

விஷயத்தைச் சொன்னதும் பாய் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "அந்தம்மா வர்ற அன்னிக்கு ரெண்டு ஸ்ப்ரே கன்னு ஜாஸ்தியா அடிக்கச் சொல்றேன். நீ ஏன் பேஜாராவுற?"

உன்னிடம் சொல்வதற்கென்ன, ஒரு நிமிஷம் எனக்கு ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் விமானம் மேலே போகும்போது பாயின் ஃபேனும் கூடவே போகுமா? பின்பக்கச் சுவரை உடைத்து, வயல்பக்கக் காற்றுக்குக் குழாய் போட்டேன். நீ கேட்டபடி பெட்ரோலைக் கூட்டினேன். உன் தட்டை அரைக்கவில்லை, நீ கடைந்த அகலத்திலேயே விட்டுவிட்டேன்.

அந்த இன்ஜினியர் அம்மாவை வெள்ளிக்கிழமை மத்தியானமே வரச் சொன்னேன். பள்ளிவாசல் பாங்கு கேட்டது, பட்டறை ஃபேன் நின்றது. த்ராட்டில் நெம்புகோலில் கை வைத்துக்கொண்டு அவர் என்னைப் பார்த்தார். அந்த இடத்தில் நீ பஸ் கண்டக்டர் மாதிரி "போலாம் ரைட்" சொல்வாயே, அது இல்லாமல் நாம் ஒருநாளும் த்ராட்டிலைத் திறந்ததில்லை. நான் உன் காலி ஸ்டூலைப் பார்த்தேன். டீ கொண்டுவந்த உன் அக்கா வாசலிலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னாத்துக்கு எல்லாம் மூஞ்சிய பாத்துனு நிக்கிறீங்க? போலாம் ரைட்" என்றாள்.

அவர் நெம்புகோலை ஒரே தள்ளாகத் தள்ளினார். எஞ்சின் ஒரே மூச்சில் ஏறியது. மூடி, மறுபடி திறந்தார். மறுபடியும். இருமலே இல்லை மச்சான். இருமியது நான் ஒருவன்தான், அழுகையை மறைக்க.

உன் த்ராட்டில் பறக்கப்போகிறது. சோதனையெல்லாம் முடிந்ததும் பைலட்டுக்குப் பக்கத்து சீட் தனக்குத்தான் என்கிறாள் உன் அக்கா. பொருட்காட்சி ராட்டினத்தில் ஏறப் பயந்தவள். "என் தம்பி செஞ்சது, எனக்கு இன்னா பயம்?" என்கிறாள்.

அன்றைக்கு அதைச் சொல்ல உன் அக்காவுக்காகக் காத்திருக்கமாட்டேன். ஓடுபாதை ஓரத்தில் நின்று ஊருக்கே கேட்கிற மாதிரி "போலாம் ரைட்" என்று கத்துவேன், இது சத்தியம். விசில் மட்டும் மேலேயிருந்து நீ கொடு.

டீயில் பாதியைப் பிடுங்கிக் குடிக்க ஆளில்லாத,
உன் மாமன்