ஒன்றை அழுத்தியவன்

தக்கலை
17.11.2024

பெங்களூரில் இருக்கும் மகள் நந்தனாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் இருக்கிறோம். சுகம் என்று எழுதக் கை வரவில்லை. பத்தொன்பது நாளாக அம்மா கூப்பிட்டால்கூட நீ போனை எடுப்பதில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

மழை விட்டபாடில்லை. அம்மாவுக்கு மூட்டு வீங்கி நெய்யூர் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தோம். அங்கே டோக்கனோடு உட்கார்ந்திருக்கும்போதுதான் உன் விடுதித் தோழி அபிதா போன் செய்தாள். உன்னை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்களாம். போனில் பேசியவர்கள் போடுகிற மார்க்கு உனக்கு ஏற்கெனவே குறைவாம், நான் போட்டதோடு இன்னும் இறங்கிவிட்டதாம். அப்பா வேண்டுமென்றே செய்தார் என்று சொல்லி அழுதாயாம்.

நீ அப்படி நினைப்பதில் தப்பில்லை. ஓணத்துக்கு வந்தபோது, போனில் கண்டவன் ஏச்சைக் கேட்கிற வேலை எதுக்கு ஏட்டி, விட்டுட்டு வா என்று கத்தியவன் நான்தானே. முப்பத்தோரு வருஷம் ஓட்டலில் சப்ளையராக நின்றவன் பேசுகிற பேச்சா அது! சாம்பாரில் உப்பு கூடினால் சமைத்தவனை யாரும் ஏசமாட்டார்கள். கொண்டுவந்து வைத்தவனைத்தான் ஏசுவார்கள். உன் வேலையும் அதுதான் என்று எனக்குத் தெரியும். தெரிந்ததால்தான் கத்தினேன்.

அதற்குப் பிறகு நீ என்னிடம் பேசவே இல்லை. உன் குரலைக் கேட்காமல் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. உங்கள் மிக்ஸி கம்பெனியின் உதவி எண்ணுக்கு அடித்தால், தமிழ் பேசுகிற நாற்பது பேரில் என்றைக்காவது நீ எடுப்பாய் என்று ஒரு கிறுக்கு யோசனை. நம் மிக்ஸிக்கு ஒரு கேடும் கிடையாது. இல்லாத கோளாறைச் சொல்லி எட்டு நாள் அடித்தேன். யார் யாரோ எடுத்தார்கள். ஒன்பதாம் நாள் நீ எடுத்தாய்.

நீ வேறு ஏதோ பெயர் சொன்னாய். மக்கா, சாப்பிட்டியா என்று கேட்டேன். உங்கள் புகாரைச் சொல்லுங்கள் சார் என்றாய். பேசுவதெல்லாம் பதிவாகும் என்று எனக்கும் தெரியும். ஆனாலும் அந்த சார் வலித்தது, பொய் சொல்ல மாட்டேன். ஜார் சுற்றவில்லை என்றேன். பதிந்துகொண்டு நன்றி சொன்னாய்.

நீ வைத்ததும் மெஷின் பேசியது. சேவை எப்படி இருந்தது, ஒன்றிலிருந்து ஐந்துக்குள் ஓர் எண்ணை அழுத்தவும் என்றது. மீதியைக் கேட்க எனக்குப் பொறுமை ஏது? உன் ரேங்க் கார்டில் ஒண்ணு என்று பார்த்து எத்தனை தடவை கையெழுத்துப் போட்டிருக்கிறேன்! ஐந்தாம் ரேங்க் என்றால் அன்றைக்கு நீ சோறு தின்னமாட்டாயே. அதனால் ஒன்றை அழுத்தினேன். பெருமையாகத்தான் அழுத்தினேன் மக்கா. ஒன்று என்றால் படு மோசம் என்று அபிதா சொன்ன பிறகுதான் தெரியும்.

தப்பு என்னுடையது என்று சொல்லக் கம்பெனிக்கே அடித்துப் பார்த்தேன். எடுத்த பெண் பணிவாகக் கேட்டு, அதையும் ஒரு புகாராகப் பதிந்துகொண்டாள். முடிவில் மெஷின் மறுபடியும் எண் கேட்டது. பயந்துபோய் வைத்துவிட்டேன்.

இன்னொன்றை அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. உனக்கு முன்னால் எடுத்த எட்டுப் பேருக்கும் நான் ஒன்றுதான் அழுத்தியிருக்கிறேன். எல்லாரும் நல்ல பிள்ளைகள். ஒருத்தி இருமிக்கொண்டே பேசினாள். பேச்சில் மார்த்தாண்டம் பக்கம் போலிருந்த ஒருவன், பிளேடைக் கழற்றிக் கழுவும் விதத்தைக் கால் மணி நேரம் சொல்லித் தந்தான். அவர்கள் சொன்ன பெயர்களும் கம்பெனி கொடுத்தவைதானாம். நான் யாரை எங்கே போய்த் தேட?

என்னிடம் நீ பேசாவிட்டாலும் இருக்கட்டும். அந்த எட்டுப் பேரையும் எப்படியாவது கண்டுபிடித்து இந்தக் கடிதத்தைக் காட்டு. என் அப்பா வேண்டுமென்று செய்யவில்லை என்று அவர்களிடமாவது சொல், மக்கா.

நேரத்துக்குச் சாப்பிடு.

உன் அப்பா,
தாணுலிங்கம்