பாட்டு முடியுமுன் தட்டிய கை

வீட்டுக்காரிக்கு, நான் சௌக்கியம். உன் முழங்கால் வலி தேவலையா? நான் சொல்லச் சொல்ல, என்னோடு தங்கியிருக்கும் அறைக்காரர் எழுதுகிறார்.

புயலில் பாலம் போன வருஷம், மூத்தவன் உன் வயிற்றில் ஆறு மாதம். உன் தங்கை கல்யாணக் கச்சேரியில் பிடில்காரர் சுருதி சேர்த்து நிறுத்தியதுமே, பாட்டு முடிந்ததென்று நான் கை தட்டினேனே! உன் அப்பா சிரித்துக்கொண்டே என் தொடையில் கிள்ளினார்; நீயும் உன் தங்கையும் என் அண்ணனும் அடக்க முடியாமல் சிரித்தீர்கள்.

நேற்றும் அதே கூத்துதான். நான் நாற்காலி போடும் அரங்கில் ஸ்பெயின் நாட்டுச் சங்கீதம் பற்றிப் பேச்சும் கச்சேரியும். கிதாரும் இரண்டு பிடிலும் சேர்ந்து உருக்கிவிட்டு நின்றன. பின்னாலிருந்து பலமாகத் தட்டிவிட்டேன். அத்தனை தலையும் திரும்பியது. இன்னும் இரண்டு பாகம் பாக்கியாம், நடுவில் தட்டக்கூடாதாம். மேலாளர் முறைத்த முறைப்பில் வேலை போனதென்றே நினைத்தேன்.

விளக்கம் சொன்ன அம்மாள் மைக்கில், "விடுங்க, பெரியவருக்குப் பிடிச்சிருக்கு. இது தெருவுல ஆடினவங்க மெட்டு. அவங்க மட்டும் கையைக் கட்டிக்கிட்டுச் சும்மாவா கேட்டிருப்பாங்க?" என்றார். மேலாளரும் சிரித்துவிட்டார். வேலைக்கு ஒன்றுமில்லை, கவலைப்படாதே.

அறைக்காரரிடம் சொன்னால், "சரி, அப்புறம்?" என்கிறார். அன்று கூட இருந்தவரா அவர், சிரிப்பு வர?

குதிகால் வெடிப்புக்குக் களிம்பு அனுப்பு. பேத்தியை விட்டுப் பதில் எழுது, நீ சிரித்தாயா என்பதையும் எழுதச் சொல். அன்று என்னைப் பார்த்துச் சிரித்தவர்களில் உன் அப்பா போனார், உன் தங்கை போனாள், போன மாதம் என் அண்ணனும். தபால் எடுக்க ஆள் வந்துவிட்டார், முடிக்கிறேன். இனி மிச்சம் நீ ஒருத்திதான்.