டைம் ப்ளீஸ்

பாப்பாவின் அப்பாவுக்கு,

நாங்கள் சுகம். நீலசந்திராவில் ஒரே மழை. உங்கள் சைக்கிளை வீட்டுக்குள் வைத்து, வாரம் தவறாமல் காற்றடித்து வருகிறேன்.

பாப்பா தெருவில் ஓடிப்பிடித்து ஆடுகிறாள். ஓடுகிறவள் கட்டைவிரலைத் தூக்கி ‘டைம் ப்ளீஸ்’ என்றால் அவளை யாரும் தொடக்கூடாதாம். அவள் போய்த் தண்ணீர் குடிக்கலாம், காலில் குத்திய முள்ளைப் பிடுங்கலாம். அதுவரை மற்றவர்கள் நின்ற இடத்திலேயே நிற்க வேண்டுமாம்.

போன தீபாவளிக்கு நீங்களும் பம்பாயிலிருந்து ‘கொஞ்சம் டைம் கொடு’ என்று எழுதினீர்கள். அந்தக் கார்டில் கம்பெனி விலாசம் மட்டும் இருந்தது, யார் வீட்டில் இருக்கிறீர்கள் என்று இல்லை. நானும் கேட்கவில்லை.

நேற்று பாப்பாவைக் கேட்டேன். “டைம் ப்ளீஸ் சொல்லிட்டு ஒருத்தி திரும்பி வராமலே போயிட்டா?”

“வருவா வருவான்னு கொஞ்ச நேரம் பாப்போம். அப்புறம் போய்ப் பாத்தா, அவ வீட்ல சோறு துன்னுட்டு இருப்பா.”

“அப்போ என்னா பண்ணுவீங்க?”

“அவ இல்லாமலே ஆடுவோம். சும்னே நின்னுட்டே இருந்தா இருட்டிடும்மா.”

இன்று காலை மழை விட்டிருந்தது. உங்கள் சைக்கிளைத் தெருவுக்கு எடுத்து, நானே ஏறி உட்கார்ந்தேன். பாப்பா பின்னால் பிடித்துக்கொண்டு ஓடிவந்தாள். விழுந்து முழங்கை நன்றாகச் சிராய்த்துவிட்டது. நாளையும் ஏறுவேன்.

எழுத்து கோணலாக இருப்பது அந்தக் கையால்தான். வேறெதுவும் நினைத்துக்கொள்ள வேண்டாம்.

இப்படிக்கு,
பாப்பாவின் அம்மா