சாப்பிட்டதும் படுக்கக் கூடாதாம்

அன்புள்ள தமிழினிக் கண்ணுக்கு,

சங்ககிரியிலிருந்து அப்பா எழுதுவது. நான் இருக்கிறேன். நீயும் மாப்பிள்ளையும் அந்தக் குளிரில் சுகமாக இருக்க வேண்டும்.

போனில் சொன்னால் அழுவாய் என்றுதான் எழுதுகிறேன், முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்கு இருதயத்தில் ஒன்றுமில்லை. போன செவ்வாய்க்கிழமை மத்தியானம் சாப்பிட்டுப் படுத்தவனுக்கு நெஞ்சுக்குழியிலிருந்து தொண்டை வரைக்கும் மிளகாய் அரைத்துத் தடவியது போல எரிந்தது, வாயில் புளித்த தண்ணீர் ஊறியது, உடம்பெல்லாம் வேர்த்துவிட்டது. உன் அம்மாவைக் கொண்டுபோன நெஞ்சுவலிதான் எனக்கும் வந்துவிட்டது என்று நினைத்தேன். பயம் வரவில்லை கண்ணு. யாரையும் கூப்பிடவும் தோன்றவில்லை, சுற்றுகிற ஃபேனைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். லாரி சாவி வாங்க வந்த பக்கத்து வீட்டுக் காளியண்ணன்தான் பார்த்துவிட்டு, "என்னுங்க மாமா, இப்படி வேர்த்துக் கெடக்குதுங்க, எந்திரீங்க" என்று கையைப் பிடித்து எழுப்பி, காரில் ஏற்றி சேலம் ஃபேர்லேண்ட்ஸில் ஓர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனான்.

இ.சி.ஜி., ரத்தம் எல்லாம் பார்த்துவிட்டு, இருதயம் நன்றாக இருக்கிறது, வயிற்றுப் புளிப்பு மேலே ஏறி வருகிறது என்று டாக்டரம்மா சொன்னார். ஆனாலும் வேர்வையோடு நெஞ்சு எரிந்தால் கேஸ் என்று வீட்டிலேயே இருந்துவிடக் கூடாதாம். என்ன சாப்பிடுகிறேன் என்று கேட்டார். காலையில் வெறும் வயிற்றில் டீ, பத்து மணிக்கு லாரி ஸ்டாண்டில் போண்டா, அதற்கு மேலே முழங்கால் வலிக்கு மாத்திரை, மத்தியானமும் ராத்திரியும் ஓட்டல் குருமா என்றேன். "அத்தனையும் ஆகாதுங்க. உண்டு எத்தனை நேரங் கழிச்சுங்க படுப்பீங்க?" "உண்டதும் படுத்துக்குவேனுங்க." "ஏனுங்க, செத்த நேரம் ஊட்டுல பேசிட்டு உக்காந்திருக்கலாமுங்களே?" அம்மா போய்விட்டதைக் காளியண்ணன்தான் அவரிடம் மெதுவாகச் சொன்னான். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். இருதயத்தில் ஒன்றும் இல்லை என்று கேட்டதற்குச் சந்தோஷம் வர வேண்டும்தானே, அதுவும் வரவில்லை.

இப்போது காளியண்ணன் பெண்டாட்டி பெருமாயி சாயங்காலம் பொழுதோடவே காரமில்லாமல் ரசஞ்சோறு கொடுத்தனுப்புகிறாள். சாப்பிட்டபின் அவன் வந்து உட்கார்ந்து டயர் விலையும் டீசல் விலையும் பேசுகிறான், பாதி என் காதில் விழாது, இருந்தாலும் உட்கார்ந்திருக்கிறேன். புளிப்பு மேலே ஏறாமலிருக்கக் கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்குக் கல் வைத்து உயர்த்தியதும் அவன்தான். இன்று காலை எழுந்ததும் பசித்தது கண்ணு. அம்மா போனதற்கப்புறம் பசித்துச் சாப்பிட்டது இன்றைக்குத்தான்.

நீயும் ஷிப்டு முடிந்து வந்து சாப்பிட்ட கையோடு சாயாதே. இதற்காக டிக்கெட் போடாதே, தை மாதம் வந்தால் போதும். நோய்நொடி அண்டாமல் நீங்கள் இருவரும் நல்லபடியாக இருங்கள் சாமி.

உன் அப்பா,
குமாரசாமி