ரசத்துக்குப் போன அச்சாரம்

வைகாசி 22, புதன்கிழமை.

சேந்தமங்கலத்துப் பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் நான் தங்கிப் படிக்க ஓர் அறை பேசியிருந்தோம். போன மாதம் அப்பா அதற்கு அச்சாரமாக, காசுக்குப் பதில் அரை மூட்டை மிளகைத் தரகரிடம் இறக்கி வைத்தார். எங்கள் மலையில் யாரும் கொடுத்ததற்கு ரசீதுச் சீட்டு கேட்பதில்லை, அப்பாவும் கேட்கவில்லை. நான் சும்மா இருந்திருக்கலாம். "வருசம் பூரா ரசம் வெச்சுக் குடிங்க" என்றேன். கடைத்தெருவே சிரித்தது.

இன்று போனால், தரகர் அறையை வேறு யாருக்கோ விட்டுவிட்டார்.

"அப்ப மிளகையாவது திருப்பிக் குடுத்துருங்க" என்றார் அப்பா.

"ஏனுங்க, அது அச்சாரமா? ரசம் வெச்சுக் குடிக்கச் சொல்லித்தானே உங்க பையன் குடுத்தான். எதுத்த கடைக்காரரையே கேளுங்க."

கடைக்காரர் தலையாட்டினார். பொய்யும் இல்லை.

"வெளையாட்டுக்குச் சொன்னேனுங்க."

"வெளையாட்டுக்கு ஆரு கண்ணு மிளகு சொமந்துட்டு வருவா?"

திங்கட்கிழமை பள்ளிக்கூடம் திறக்கிறது. வேறு அறைக்குக் கொடுக்க அடுத்த மிளகு தை மாதம்தான்.

அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து ஊருக்கு மலையேறும்போது அப்பா திட்டவேயில்லை. பாதி வழியில், "ஏஞ்சாமி பேசாம வாரே? ஏதாச்சும் சொல்லு, வழி நீளுது" என்றார்.

வாயைத் திறந்தேன். இந்த வாயால் இன்னும் எது போகுமோ என்று மூடிக்கொண்டேன்.